கீழத்தெருவில் இல்லாத தொட்டி: இரண்டு வருடம் மனுவோடு அலைந்த அனுபவம்

போன வாரம் எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்துக்கு எதிர்ச் சுவரில் வெள்ளையடித்து இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஓரத்தில் முன்னாள் ஊராட்சித் தலைவரின் பெயர். தேர்தல் தேதி வரவில்லை. ஆனால் காதுகுத்து, கருமாதி என்று ஒரு வீடு விடாமல் அவர் வந்து போகிறார். "திரும்பவும் நிக்கப் போறாராம்" என்று தைக்கத் துணி கொண்டு வருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்கள். வைக்காத தண்ணீர்த் தொட்டிக்குக் கணக்கு எழுதியதாக அவர் மேல் புகார் கொடுத்தது நான்தான் என்று ஊருக்கே தெரியும்.

இதற்காக இரண்டு வருடம் அலைந்திருக்கிறேன். அதில் பாதி, விவரம் தெரியாமல் போனது. வேறு ஊரில் யாராவது இதே வேலையில் இறங்கினால் அந்தப் பாதியாவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2023 அக்டோபர் 2 கிராம சபையில் வரவு செலவை ஃபிளெக்ஸில் அடித்துக் கட்டியிருந்தார்கள். யாரும் படிப்பதில்லை. நிழலுக்காக அதன் பக்கத்தில் நின்றிருந்த நான் படித்தேன். 'கீழத்தெரு, ஆழ்துளைக் கிணறு, சிறு மின்விசை பம்பு, தொட்டியுடன், பணி முடிவுற்றது.' நான் கீழத்தெருக்காரி. கல்யாணமாகி வந்து 19 வருடமாக அங்கேதான் இருக்கிறேன். இன்றைக்கும் குடத்தைத் தூக்கிக்கொண்டு மேலத்தெருக் குழாய்க்குத்தான் போகிறோம். எழுந்து கேட்டேன். "வேலை நடந்துக்கிட்டு இருக்கும்மா, உக்காரு" என்றார் தலைவர். ஃபிளெக்ஸில் முடிவுற்றது என்று இருக்கிறதே என்றேன். மைக்கை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அன்று ராத்திரி என் அண்ணன் மகன் போனில் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தைத் திறந்து எங்கள் ஊராட்சியின் கணக்கைக் காட்டினான். பணம் இரண்டே முக்கால் லட்சம், இரண்டு தவணையாக ஒப்பந்தக்காரருக்குப் போயிருந்தது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஒரு பைசா செலவில்லை. முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்.

அடுத்தது தகவல் உரிமை மனு. இங்கேதான் முதல் சறுக்கல். பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். நான் தபால் நிலையத்தில் ரெவின்யூ ஸ்டாம்ப் வாங்கிப் பத்து ஒட்டி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து மனு அப்படியே திரும்பி வந்தது. இரண்டும் வேறு வேறு. கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் முத்திரைத்தாள் விற்பனையாளரிடம் கிடைக்கும்.

இரண்டாவது மனுவுக்குப் பதில் வந்தது, ஆனால் பிரயோஜனம் இல்லை. "கீழத்தெருவில் ஏன் தொட்டி வைக்கவில்லை? யார் பொறுப்பு?" என்று கேட்டிருந்தேன். காரணம் கேட்பது சட்டத்தில் வராது என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள். வயிறு எரிந்தது. ஆனால் அது உண்மைதான். ஏன், எதற்கு என்று கேட்டால் தப்பிக்க வழி கொடுக்கிறோம். காகிதத்தைக் கேட்க வேண்டும். மூன்றாவது மனுவில் இப்படிக் கேட்டேன்: நிர்வாக அனுமதி உத்தரவு நகல், மதிப்பீடு, செய்த வேலையை அளந்து எழுதி வைக்கும் அளவீட்டுப் புத்தகத்தின் அந்தப் பக்கம், பில், பணி முடிந்ததற்கான புகைப்படம், மின் இணைப்பு எண். கூடவே பிரிவு 2(ஒ)யின்படி கோப்பை நேரில் பார்க்க வேண்டும் என்றும் எழுதினேன். தகவல் இன்னொரு அலுவலகத்தில் இருந்தால் பிரிவு 6(3)ன்படி 5 நாளில் அங்கே அனுப்பிவிடுங்கள் என்ற வரியையும் சேர்த்தேன். இது இல்லாவிட்டால் ஊராட்சிக்குப் போ, ஒன்றியத்துக்குப் போ என்று பந்து விளையாடுவார்கள்.

30 நாள் ஆகியும் பதில் இல்லை. 31ஆவது நாளே முதல் மேல்முறையீடு போட்டேன். அதற்குக் கட்டணம் கிடையாது. தகவல் தராத அலுவலருக்கு நாளொன்றுக்கு ரூ.250, அதிகபட்சம் ரூ.25,000 வரை அபராதம் போடத் தகவல் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்பதையும் அதில் எழுதினேன். பத்தாவது நாள் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்திலிருந்து, அதாவது ஒன்றிய அலுவலகத்திலிருந்து, போன் வந்தது. கோப்பைப் பார்க்கக் கூப்பிட்டார்கள்.

அந்த எழுத்தரை நான் மறக்க மாட்டேன். காலை பத்தரைக்குப் போனேன். பன்னிரண்டு வரை நின்றேன். "ஏம்மா, தையல்காரிக்கு அளவீட்டுப் புத்தகம் என்ன புரியப் போகுது?" என்று கேட்டார். அளவெடுக்கிறதுதான் சார் என் தொழில் என்றேன். கோப்பை மேசையின் அந்தப் பக்கமே வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினார். நான் கையில் கேட்டு வாங்கினேன். அது நம் உரிமை. கூச்சப்படாதீர்கள்.

கடைசியில் அந்தப் புகைப்படம் இருந்தது. கறுப்புத் தொட்டி, கீழே இரண்டு குழாய், பின்னால் மஞ்சள் சுவர். சுவரில் பாதி அழிந்த சிமெண்ட் விளம்பரம், அதற்குக் கீழே யாரோ கரியால் வரைந்த கிரிக்கெட் ஸ்டம்ப். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அந்தச் சுவர் என் நாத்தனார் வீட்டு எதிர்ச் சுவர். எங்களிடமிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, வேறு ஊராட்சி. அந்த ஸ்டம்பை வரைந்தது அவள் மகன். நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டி, எல்லாவற்றிலும் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன். சான்றொப்பம் இல்லாத நகலைப் பின்னால் யாரும் மதிக்க மாட்டார்கள்.

மின் இணைப்பு எண்ணும் கோப்பில் இருந்தது. மின்வாரிய அலுவலகத்தில் கேட்டேன். அதுவும் அந்த ஊர்த் தொட்டியின் எண்தான். பம்பு என்றால் கரண்ட் வேண்டும், கரண்ட் என்றால் எண் வேண்டும். இல்லாத பம்புக்கு அவர்களால் கொடுக்க முடியாத ஒன்று அதுதான். ஊராட்சித் தண்ணீர் வேலை எதுவானாலும் இதைக் கேட்டுப் பாருங்கள்.

கையில் எல்லாம் இருக்கிறது, இனி கலெக்டரைப் பார்த்தால் போதும் என்று நினைத்தேன். 2024 மார்ச் 18, திங்கள்கிழமை. அன்றைய தையல் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறிக் கலெக்டர் ஆபீஸ் போனால் வாசலில் ஒரு பெட்டி வைத்திருந்தது. முந்தின சனிக்கிழமைதான் நாடாளுமன்றத் தேர்தல் அறிவித்து நடத்தை விதிகள் வந்துவிட்டதால் குறைதீர்க்கும் நாள் கிடையாதாம். மனுவைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். போடாதீர்கள். பெட்டியில் போட்டால் ரசீது கிடையாது, ரசீது இல்லாத மனு மனுவே இல்லை. நான் அப்படியே திரும்பி வந்தேன். ஜூன் வரை அந்த மூன்று மாதம் சும்மா போனது.

ஜூனில் போனபோது வாசலில் போலீஸ் அக்கா என் பையைக் கவிழ்த்துப் பார்த்தார், தண்ணீர் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார். 2017இல் நெல்லை கலெக்டர் அலுவலகத்தில் ஒரு குடும்பமே தீ வைத்துக்கொண்டதற்கு அப்புறம் எல்லா ஊரிலும் இப்படித்தான். அந்த வரிசையில் நிற்கும்போது கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. உள்ளே அரை நிமிடம். மனு எண் கிடைத்தது.

ஆகஸ்டில் போனுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். 'தங்கள் மனு மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு முடிக்கப்பட்டது.' என்ன நடவடிக்கை என்று போய்க் கேட்டால், மனு போனது அதே பி.டி.ஓ. அலுவலகத்துக்கு. அவர்கள் தலைவரிடமே விளக்கம் வாங்கி, பணி முடிந்துள்ளது என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். யார் மேல் புகாரோ அவரே சாட்சி. அதனால் மனுவின் தலைப்பிலேயே, 'ஒன்றிய அலுவலகம் சம்பந்தப்பட்டிருப்பதால் அவர்களுக்கு அனுப்பாமல் உதவி இயக்குநர் (ஊராட்சிகள்) நேரில் விசாரிக்க வேண்டும்' என்று எழுதுங்கள். நான் இரண்டாவது தடவைதான் எழுதினேன். உதவி இயக்குநரே வந்தார்.

விசாரணைக்குக் காலை பத்து மணிக்குப் போன் செய்து பதினொன்றுக்கு வரச் சொன்னார்கள். தெருவில் எட்டுப் பேர் வருகிறேன் என்று சொல்லியிருந்தார்கள். வந்தது என்னோடு சேர்த்து மூன்று பேர். தலைவர் அலுவலக வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "தங்கச்சி, தண்ணி வேணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாமே" என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. உள்ளே அவர் சொன்னது: தொட்டி வைத்தோம், உடைந்துவிட்டது, கழற்றிவிட்டோம். அதிகாரி என்னைப் பார்த்தார். எனக்கு ஒரு கணம் வாய் வரவில்லை. எங்களோடு வந்த எதிர்வீட்டு அப்பத்தாதான் பேசியது. "தொட்டியைக் கழட்டலாம் சாமி, போரையுமா கழட்டிட்டுப் போனாங்க? குழி எங்க?" அதற்கு யாரிடமும் பதில் இல்லை. அதிகாரி அன்றைக்கே கீழத்தெருவுக்கு வந்து நடந்து பார்த்தார். போர்க் குழியில் இறக்கும் கேசிங் பைப் இருந்த தடம்கூட இல்லை என்று எழுதி எங்கள் மூன்று பேரிடமும் கையெழுத்து வாங்கினார்.

துணைத் தலைவர் அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இரண்டு பேர் ஒப்புதலும் வேண்டும். இப்போது அது டிஜிட்டல் கையெழுத்து, பென் டிரைவ் மாதிரி ஒரு சின்னப் பொருள். அக்காவுடையதை அவர் ஒரு நாளும் வீட்டுக்குக் கொண்டு போனதே இல்லையாம், பதவியேற்ற மாதமே வாங்கி வைத்துக்கொண்டார்களாம். என் வீட்டுப் பின்வாசலில் வந்து நின்று சொன்னார். எழுதித் தாருங்கள் என்றேன். பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அடுத்த முறை எந்தப் பெண் துணைத் தலைவராக வந்தாலும் அந்தச் சின்னப் பொருளைத் தன் கையிலேயே வைத்திருக்கட்டும்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஊராட்சிச் சட்டம் பிரிவு 205இல் தலைவரை நீக்கும் அதிகாரம் கலெக்டருக்கு உண்டு. அதற்கு நோட்டீஸ், விளக்கம், தாசில்தார் முன்னிலையில் உறுப்பினர்கள் கூட்டம் என்று படிகள் இருக்கின்றன. எங்கள் கோப்பு நோட்டீஸோடு நின்றது. 2025 ஜனவரி 5ஆம் தேதி பல மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தது, எங்களுடையதும் அதில் ஒன்று. தலைவருக்குப் பதிலாக நிர்வாகத்தைப் பார்க்கத் தனி அலுவலர் வந்துவிட்டார். பிப்ரவரியில் போய்க் கேட்டபோது, "அவரே பதவியில இல்லையேம்மா, இனி யாரை நீக்குறது?" என்று கோப்பை மூடி வைத்தார்கள்.

புகார் கொடுத்துவிட்டாலே ஒருவர் மறுபடி நிற்க முடியாது என்று நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மனுவும் விசாரணையும் யாரையும் தடுக்காது. நீதிமன்றத் தண்டனை மாதிரி, சட்டம் சொல்கிற தகுதியிழப்பு வந்தால்தான் தடை. அதனால் பதவிக்காலம் முடிய ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும்போதே ஆரம்பிக்க வேண்டும். நீக்கம் என்று மட்டும் கேட்காமல் முதல் மனுவிலேயே, 'இழப்பீட்டுத் தொகையை வசூலிக்க வேண்டும்' என்றும் கேட்க வேண்டும். பதவி போனாலும் கடன் போகாது. நான் மார்ச்சில் அதை மட்டும் வைத்துப் புது மனு கொடுத்தேன், தணிக்கைப் பிரிவுக்கும் ஒரு நகல். ஜூலையில் பதில் வந்தது: தொகையைச் சம்பந்தப்பட்டவர்களிடம் வசூலிக்கப் பரிந்துரைக்கப்பட்டுள்ளது. இரண்டு வருடத்தில் அவர்கள் பக்கமிருந்து வந்த உருப்படியான ஒரே வரி.

போன ஆகஸ்ட் 15 கிராம சபையில் அந்தக் கடிதத்தைப் படித்தேன். வசூல் முடியும்வரை தொடர் நடவடிக்கை வேண்டும் என்று தீர்மானம் போடச் சொன்னேன். "பேசியதைப் பதிவு பண்ணிக்கிறோம்" என்றார் ஊராட்சிச் செயலர். பதிவு வேண்டாம், தீர்மானம் வேண்டும், இப்போதே புத்தகத்தில் எழுதுங்கள் என்று நின்றேன். வழக்கமாக வருகைக் கையெழுத்தை முதலிலேயே வாங்கிவிட்டு மேலே பிறகு நிரப்பிக்கொள்வார்கள். இந்த முறை கீழத்தெருப் பெண்கள் 22 பேரும் எழுதி முடிக்கிற வரை பேனாவைத் தொடவில்லை. முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றார்கள். எழுதினார். அதற்குக் கீழே விட்ட இடத்தைக் கோடு போட்டு அடிக்கச் சொன்னோம், அடித்தார். பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு அப்புறம்தான் கையெழுத்துப் போட்டோம்.

வசூல் இன்னும் நடக்கவில்லை. மாதம் ஒரு நினைவூட்டல் அனுப்புகிறேன். கோப்பு முழுவதையும் மூன்று செட் எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்று என் தையல் மெஷின் பெட்டியில், ஒன்று நாத்தனார் வீட்டில், ஒன்று அப்பத்தாவிடம். முன்னாள் தலைவர் ஓட்டுக் கேட்டு எங்கள் தெருவுக்கு வரும்போது முதல் வீடு அப்பத்தாவுடையதுதான்.