வெயிலில் காய்ந்த சீசா போதாது

நெல்லிக்காய் ஜாம் கிளறும் காலம் வந்துவிட்டது. எங்கள் கோபிசெட்டிபாளையம் பக்கத்தில், சீசாவைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தாலே போதும் என்பார்கள். உப்பும் எண்ணெயும் ததும்பும் மாங்காய் ஊறுகாய்க்கு அது சரி. ஈரம் போனாலே பாதிக் கவலை தீர்ந்தது. சர்க்கரை குறைத்துக் கிளறும் ஜாமுக்குச் சரிவராது, பூசணம் பூத்துவிடும்.

அகலமான பாத்திரத்தின் அடியில் பழைய துண்டை மடித்துப் போடுங்கள். கழுவிய சீசாக்களை நிறுத்தி, முழுக்க மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, அப்புறம் அடுப்பைப் பற்றவையுங்கள். கொதி வந்தபின் 10 நிமிடம். இது கடல் மட்டக் கணக்கு. ஆயிரம் அடி உயரத்துக்கு ஒரு நிமிடம் கூட்ட வேண்டும். கோவைக்கு 12 என்று வைத்துக்கொள்ளலாம். மேலே குன்னூரில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், அங்கே இருக்கும் சொந்தக்காரர்கள் 17 நிமிடமாவது விடுங்கள்.

ஜாமும் சூடாக இருக்க வேண்டும், சீசாவும் சூடாக இருக்க வேண்டும். ஆறிய கண்ணாடியில் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் விரிசல் விடும். உள்ளே துணியால் துடைக்காதீர்கள். அந்தத் துணியை யார் கொதிக்கவைத்தது? மூடியின் உட்புறம் துருப்பிடித்திருந்தால் அந்தச் சீசாவில் கொள்ளு போட்டு வையுங்கள், ஜாம் வேண்டாம்.