நாற்பத்திரண்டு வயதில் தாதிய மாணவி

கொழும்பிலும் சிட்னியிலுமாகப் பதினாறு ஆண்டுகள் கணக்கெழுதிய நான், 2022 பெப்ரவரியில், நாற்பத்திரண்டு வயதில், மேற்கு சிட்னியில் தாதியப் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். இங்கே என்னைப் போன்றவர்களை 'முதிர்வயது மாணவர்' என்று அழைக்கிறார்கள். இருபத்தொரு வயதைத் தாண்டியவர்களையும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்பதால் அந்தப் பெயர் என்னை நோகச் செய்யவில்லை. இலங்கையில் எழுதிய என் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு மிகப் பழையது. ஆகவே 'ஸ்டாட்' எனப்படும் நுழைவுத் தேர்வை எழுதினேன். இரண்டு மணி நேரத்தில் 70 கேள்விகள். வாசித்து விளங்கும் திறன் இருந்தால் போதும். குடியுரிமை பெற்றிருந்ததால் கட்டணத்தை அரசுக் கடனில் ஏற்றிவிட முடிந்தது. நிரந்தர வதிவிட உரிமை மட்டும் உள்ள என் தோழி ஒருத்தி ஒவ்வொரு பருவத்துக்கும் பணத்தை முன்னதாகவே கட்டினாள்.

நான் பயந்திருந்தது உடற்கூற்றியல் பாடத்துக்கு. உண்மையில் தடுக்கி விழுந்தது தடுப்பூசி அட்டையில். மருத்துவமனைப் பயிற்சிக்குப் போகுமுன் ஈரல் அழற்சி பி, சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா, கொப்புளிப்பான், கக்குவான் எல்லாவற்றுக்கும் ஆதாரம் காட்ட வேண்டும். என் குழந்தைப் பருவ அட்டை 1995 ஒக்டோபர் போர்க்கால இடப்பெயர்வில், யாழ்ப்பாணம் வலிகாமத்து வீட்டின் அலுமாரியோடு போய்விட்டது. அதனால் இரத்தப் பரிசோதனை செய்தார்கள். கொப்புளிப்பானுக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தது. ஈரல் அழற்சிக்கும் சின்னமுத்துக்கும் இல்லை. நான் அவசரப்பட்டுச் சின்னமுத்துத் தடுப்பூசியை முதலில் போட்டுக்கொண்டேன். இலங்கையில் பிறந்தவர்களுக்குக் காசநோய்ப் பரிசோதனையும் கட்டாயம் என்பதும், உயிருள்ள கிருமியைக் கொண்ட அந்த ஊசியைப் போட்டால் பரிசோதனையை அதே நாளில் செய்ய வேண்டும், தவறினால் நான்கு வாரம் காத்திருக்க வேண்டும் என்பதும் அதன் பிறகே தெரிந்தது. அந்த நான்கு வாரத்தில் என் முதல் பயிற்சி இடம் வேறொருவருக்குப் போயிற்று. ஈரல் அழற்சி ஊசியின் மூன்று தவணைகள் முடிய ஆறு மாதம் ஆகும். ஆகவே இந்தப் படிப்பை எண்ணுகிறவர்கள் விண்ணப்பம் அனுப்பும் வாரத்திலேயே குடும்ப மருத்துவரிடம் போய்விடுவது நல்லது.

பட்டம் பெறக் குறைந்தது 800 மணி நேரம் களப்பயிற்சி செய்ய வேண்டும். ஒரு சதமும் சம்பளம் கிடையாது. வாரத்துக்கு நாற்பது மணி நேரம் என்று வைத்தாலும் இருபது வாரம் வருமானம் இல்லாமல் போகும். அந்த வாரங்களுக்காக இரண்டு ஆண்டுகளாகச் சேமித்ததோடு, சனி ஞாயிறில் ஒரு கடைக்குக் கணக்கும் எழுதிக் கொடுத்தேன். 2025 ஜூலை 1 முதல் வருமானம் குறைந்த தாதிய மாணவர்களுக்குப் பயிற்சிக் காலத்தில் அரசு வாராந்தக் கொடுப்பனவு தருகிறது. நான் 2024 இறுதியில் முடித்துவிட்டேன். என் அதிர்ஷ்டம் எப்போதும் அப்படித்தான்.

கணக்காளராக இருந்ததால் மருந்துக் கணக்கு எனக்கு விளையாட்டு என்று நினைத்திருந்தேன். இருபது கேள்விகளில் இருபதும் சரியாக வந்தால்தான் சித்தி. ஒரு கேள்வி: 1000 மில்லிலீற்றர் சேலைனை எட்டு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், குழாயில் ஒரு மில்லிலீற்றருக்கு இருபது துளி விழும், நிமிடத்துக்கு எத்தனை துளி? நான் சட்டென்று 41.67 என்று எழுதினேன். பதினாறு ஆண்டுகள் ரூபாவையும் டொலரையும் இரண்டு தசம இடத்துக்கு எழுதிப் பழகிய கை அது. பிழை என்று கோடு போட்டிருந்தார்கள். இருபத்தாறு வயது மதிக்கத்தக்க விரிவுரையாளரிடம் நியாயம் கேட்கப் போனேன். அவர் சிரிக்காமல், "மூன்றில் இரண்டு பங்குத் துளியை எப்படி எண்ணுவீர்கள்?" என்று கேட்டார். விடை 42. பத்தொன்பது புள்ளியோடு தோற்றுப்போய், இரண்டு வாரம் கழித்து மீண்டும் எழுதினேன். கணக்கு அலுவலகத்தில் இன்று தவறினால் நாளை ஒரு திருத்தப் பதிவு போட்டுச் சரிசெய்துவிடலாம். அந்தப் பழக்கம் என்னிடம் எவ்வளவு ஆழமாக ஊறியிருந்தது என்பது அந்தத் துளியில்தான் எனக்கே தெரியவந்தது.

மூன்றாம் ஆண்டில், ஒரு மருத்துவ விடுதியில், எங்கள் ஊர்ப் பக்கத்து அம்மா ஒருவர் அனுமதிக்கப்பட்டிருந்தார். ஆங்கிலம் தெரியாத அவருக்கு என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. ஒரு பின்னேரம் நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை வைத்து, "பிள்ளை, டொக்டரிட்டச் சொல்லு, இதுக்குள்ள எரியுது" என்றார். நான் மொழிபெயர்க்க வாயெடுத்தபோது, மேற்பார்வைத் தாதி தடுத்தார். தண்ணீர் வேண்டுமா, கழிப்பறைக்குப் போக வேண்டுமா என்பதையெல்லாம் நான் தமிழில் பேசலாம். நோய் பற்றிய பேச்சுக்குத் தகுதிபெற்ற உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்பது இங்கே விதி. எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. பிறகு தொலைபேசியில் வந்த உரைபெயர்ப்பாளர் அம்மா சொன்னதை அப்படியே, 'நெஞ்சுக்குள் எரிகிறது' என்று சொல்ல, உடனே இதயத் துடிப்பு வரைபடம் எடுத்தார்கள். நான் சொல்லவிருந்ததோ 'நெஞ்செரிவு', அதாவது சாப்பாட்டால் வரும் புளிப்பு. அம்மா சொன்னதை நான் அறியாமலே ஒரு நோயாக்கியிருப்பேன். வரைபடத்தில் பிழை ஒன்றும் இல்லை. இரவு அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

பட்டம் கையில் கிடைத்த பிறகும் 'ஆப்ரா' எனப்படும் பதிவு முகவரகத்தின் இரண்டு நிபந்தனைகள் பாக்கி இருந்தன. நான் பள்ளிப் படிப்பை இலங்கையில் முடித்ததால், இங்கே மூன்று ஆண்டுகள் ஆங்கிலத்தில் படித்தது மட்டும் மொழித் தகுதிக்குப் போதவில்லை. மருத்துவத் துறையினருக்கான 'ஓ.இ.டி.' தேர்வை எழுதி நான்கு பிரிவிலும் பி தரம் எடுத்தேன். பெறுபேற்றுக்குப் பொதுவாக இரண்டு ஆண்டுகள்தான் ஆயுள் என்பதால், முதலாம் ஆண்டிலேயே எழுதிவைப்பதில் பயனில்லை. அடுத்தது, பதினெட்டு வயதுக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வாழ்ந்த வெளிநாடுகளிலிருந்து குற்றப் பதிவுச் சான்று. அதில் ஒரு சிக்கலும் வரவில்லை.

இப்போது ஒரு சத்திரசிகிச்சை விடுதியில், புதிதாகப் பட்டம் பெற்றவர்களுக்கான முதலாண்டுப் பணியில் இருக்கிறேன். எங்கள் குழுவில் நரை உள்ளவள் நான் ஒருத்திதான். நோயாளிகளும் அவர்களுடைய உறவினர்களும் என்னையே பொறுப்புத் தாதி என்று நினைத்து நேராக என்னிடம் வருகிறார்கள். அவர்களை என் மகளைவிட ஏழெட்டு வயதே மூத்த பொறுப்புத் தாதியிடம் கூட்டிக்கொண்டு போய்விடுவது என் அன்றாட வேலைகளில் ஒன்றாகிவிட்டது.