கூப்பிட்டால் எத்தனை பேர் வருவார்கள்?

எனக்குக் கொலோனோஸ்கோபிக்கு (பின்பக்கம் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கிற சோதனை) தேதி குறித்திருக்கிறார்கள் என்று தெரிந்த அன்று சாயங்காலமே, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு பார்வர்டு தட்டிவிட்டார். ‘கொலோனோஸ்கோபியால் உயிர் பிழைப்பதில்லை, ஐரோப்பிய ஆய்வில் அம்பலம்’ என்று தலைப்பு, கீழே இரண்டு கைகூப்பும் பொம்மை. சித்தப்பா மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், ஆஸ்பத்திரிக்காரர்கள் எல்லோருமே பில் போடத்தான் பிறந்தவர்கள் என்பது அவர் கட்சி. அவரோடு வாதம் செய்வதைவிட அந்த ஆய்வையே தேடிப் படித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன், அது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

ஆய்வு பொய் இல்லை. நார்டிக் என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். 2022 அக்டோபரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. நார்வேயைச் சேர்ந்த மைக்கேல் பிரெட்ஹவர் தலைமை. நார்வே, ஸ்வீடன், போலந்து நாடுகளின் மக்கள் பதிவேட்டிலிருந்து 55 முதல் 64 வயது வரையுள்ள ஆண், பெண் 84,585 பேரை எடுத்து, குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 28,220 பேருக்கு ‘வந்து ஒரு தடவை கொலோனோஸ்கோபி செய்துகொள்ளுங்கள்’ என்று அழைப்பு போனது. மீதி 56,365 பேருக்கு எதுவும் போகவில்லை. ஆய்வில் தாங்களும் ஒரு பக்கம் என்று அவர்களிடம் யாரும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. (நெதர்லாந்தும் இதில் சேர்ந்திருந்தது, ஆனால் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டச் சிக்கலால் அவர்கள் கணக்கை இதில் சேர்க்க முடியாமல் போயிற்று. எட்டுப் பத்து வருஷ உழைப்பு, ஒரு சட்டத்தில் நின்றுவிட்டது.)

பத்து வருஷம் கழித்துப் பார்த்தால், அழைப்பு போன பக்கத்தில் பெருங்குடல் புற்றுநோய் வந்தவர்கள் 0.98 சதவீதம், அழைப்பு போகாத பக்கத்தில் 1.20 சதவீதம். அதாவது பத்தாயிரம் பேருக்கு 120 பேருக்கு வரவேண்டியது 98 ஆகக் குறைந்திருக்கிறது. ஒருவருக்கு நோய் வராமல் தடுக்க 455 பேரைக் கூப்பிட வேண்டும். அந்தப் புற்றுநோயால் சாவு? 0.28க்கு 0.31 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்கிற அளவுக்குச் சின்னது. சித்தப்பாவின் பார்வர்டு இந்தக் கடைசி வரியில் பிறந்ததுதான்.

ஆனால் அந்தக் கட்டுரையில் எனக்குக் கண்ணில் நின்ற எண் வேறு: 42. கூப்பிட்டவர்களில் 42 சதவீதம் பேர்தான் போனார்கள். மீதி 58 சதவீதம் பேர் கடிதத்தைப் பிரித்தார்களோ என்னவோ, ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. ஆனாலும் கணக்கில் அவர்களும் ‘அழைக்கப்பட்ட’ பக்கத்தில்தான் இருக்கிறார்கள். ஆக அந்த 0.98 என்பது குழாய் விட்டுப் பார்த்தவர்களின் கணக்கு இல்லை, கடிதம் கிடைத்தவர்களின் கணக்கு.

இதைக் கேட்டதும் ‘அப்போ வராதவர்களைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டியதுதானே’ என்று தோன்றும். அமெரிக்காவில் நிறையக் குடல்நோய் மருத்துவர்கள் அதைத்தான் உரக்கச் சொன்னார்கள். கட்டுரையிலேயே அப்படி ஒரு கணக்கும் உண்டு: எல்லோருமே வந்து செய்துகொண்டிருந்தால் நோய் சுமார் 31 சதவீதமும் சாவு சுமார் 50 சதவீதமும் குறைந்திருக்கும் என்று ஒரு மதிப்பீடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு இதிலும் முழு நம்பிக்கை வரவில்லை. கூப்பிட்டதும் கிளம்பி வருகிறவர் பொதுவாகவே நடக்கிறவர், சிகரெட் பிடிக்காதவர், பிரஷர் மாத்திரையை மறக்காதவராக இருக்க வாய்ப்பு அதிகம். வராதவரைக் கழித்தால், குலுக்கல் போட்டுச் சமமாகப் பிரித்ததன் பலனே போய்விடுகிறது. புள்ளியியல் வைத்து ஓரளவு சரிசெய்வார்கள், செய்தும் இருக்கிறார்கள், இருந்தாலும் அது மதிப்பீடுதான். தலைப்பு எழுதியவர்களும் தப்பு, 50 சதவீதம் என்று மேடை போட்டவர்களும் கொஞ்சம் தப்பு என்பது என் கட்சி.

இரண்டு எண்களும் இரண்டு வேறு ஆட்களுக்கான பதில். ஓஸ்லோவில் ஒரு அதிகாரி, இத்தனை கோடி செலவழித்து ஊருக்கெல்லாம் கடிதம் போடலாமா என்று யோசித்தால் அவருக்கு முதல் எண், அதாவது கடிதம் கிடைத்தவர்களின் கணக்கு வேண்டும், ஏனென்றால் நிஜ உலகத்தில் பாதிப் பேர் வரமாட்டார்கள். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு போகலாமா வேண்டாமா என்று நிற்கிற ஆளுக்கு, எல்லோரும் வந்திருந்தால் என்கிற இரண்டாவது எண்தான் ஓரளவு பொருந்தி வரும். நான் இந்த இரண்டு பேரும் இல்லை. எனக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தது.

இதுதான் சித்தப்பாவிடம் சொல்லிப் புரியவைக்க முடியாமல் போன விஷயம். நார்டிக் ஆய்வு, எந்தத் தொந்தரவும் இல்லாத மனிதர்களைப் பற்றியது. ஹீமோகுளோபின் இறங்கி, மலத்தில் ரத்தம் தெரிந்து, படியேறினால் மூச்சு வாங்குகிறவர்களைப் பற்றியது இல்லை. அப்படிப்பட்டவருக்குக் குழாய் விடுவது முன்கூட்டிய சோதனை இல்லை, ஓட்டை எங்கே என்று தேடுவது. என் டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிய கையோடு ‘ஊத்திக்கிட்டே இருந்தா பத்தாது, எங்க ஒழுகுதுன்னு பாக்கணும், ஸ்கோப் பண்ணிடலாம்’ என்றார். நம் பக்கத்தில் மலத்தில் ரத்தம் என்றால் அது ஒன்று உடம்புச் சூடு, இல்லை மூலம். சூட்டுக்கு வெந்தயமும் மோரும், மூலத்துக்குத் துத்திக்கீரை, அப்புறம் பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கிற வைத்தியசாலை நோட்டீஸ். டாக்டரிடம் போனாலும் ‘வயிறு சரியில்லை’ என்பதைத் தாண்டி வாய் வராது.

வெட்கம் நமக்கு மட்டும் சொந்தமா என்றால், அதுவும் இல்லை போலிருக்கிறது. அதே ஆய்வில் நார்வேக்காரர்கள் 60.7 சதவீதம் பேர் வந்தார்கள், ஸ்வீடனில் 39.8, போலந்தில் 33. எதனால் இந்த வித்தியாசம் என்பதை யார் வேண்டுமானாலும் ஊகிக்கலாம், நான் ஊகிக்கப் போவதில்லை. ஆனால் முந்தின நாள் தயாரிப்பைச் செய்து பார்த்தவன் என்ற முறையில், வராதவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை.

அதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாரும் சொல்வதில்லை. இரண்டு மூன்று நாள் முன்னாலேயே கீரை, கொய்யா, தக்காளி, கேழ்வரகு எல்லாம் கட். விதையும் நாரும் குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு கேமராவை மறைக்குமாம். பீட்ரூட்டும் சிவப்பு ஜூஸும் கூடாது, உள்ளே ரத்தம் மாதிரித் தெரியும். முந்தின நாள் வடிகட்டிய கஞ்சித் தண்ணீர், இளநீர், தெளிவான சூப். சாயங்காலம் ஆரம்பிக்கிறது பவுடர். லிட்டர் கணக்கில் தண்ணீரில் கலக்கி, கால் மணிக்கு ஒரு டம்ளர் என்று குடிக்க வேண்டும். எலுமிச்சை வாசனை என்று அட்டையில் போட்டிருக்கும். முதல் டம்ளர் பரவாயில்லை, மூன்றாவதில் உப்புக்கரித்துக்கொண்டு தொண்டையிலேயே நிற்கும், ஐந்தாவதை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்ற வேண்டும். அதற்குள் வயிறு கடமுடா என்று பேச ஆரம்பித்துவிடும், அப்புறம் விடிய விடிய கக்கூஸ்தான். தண்ணீர் மாதிரி, லேசான மஞ்சளாக, பார்த்தால் மூத்திரமோ என்று சந்தேகம் வருகிற அளவுக்குப் போனால்தான் குடல் சுத்தம் என்று அர்த்தம். வீட்டில் ஒரே கழிவறை என்றால் மற்றவர்களை அக்கம்பக்கத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

மொத்தத்தையும் முந்தின ராத்திரியே குடிப்பதைவிட, பாதியை அன்று ராத்திரியும் மீதியைச் சோதனைக்குச் சில மணி நேரம் முன்பும் குடித்தால் குடல் நன்றாகச் சுத்தமாகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால்தான் விடிகாலை மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து குடிக்கச் சொல்கிறார்கள், யாரோ கொடுமைக்காரர் யோசித்த நேரம் இல்லை அது.

உள்ளே போனதும் பின்பக்கம் திறந்த பச்சை கவுன், இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கை, முழங்காலை நெஞ்சுக்கு மடக்கு. ஊசி போட்டதும் பாதி மயக்கம். அரைக்கண்ணால் திரையைப் பார்த்தபோது ஈரமாகப் பளபளக்கிற இளஞ்சிவப்புச் சுவரும் அதில் மெல்லிய ரத்த நரம்புகளும் தெரிந்தன, என் குடல் இவ்வளவு அழகா என்று ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. நான் நினைத்ததற்கு மாறாக, முக்கியமான வேலை குழாய் உள்ளே போகும்போது நடப்பதில்லை. சிறுகுடல் சேரும் இடம் வரை நேராகப் போய்விட்டு, திரும்பி வெளியே இழுக்கும்போதுதான் மடிப்பு மடிப்பாகத் தேடுகிறார்கள். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 12 மருத்துவர்கள் இருந்த ஒரு குழுவை வைத்து 2006இல் ஓர் ஆய்வு வந்தது. வெளியே இழுக்கச் சராசரியாக ஆறு நிமிஷமோ அதற்கு மேலோ எடுத்தவர்கள் 28.3 சதவீத நோயாளிகளிடம் புற்றாக மாறக்கூடிய பாலிப்பை (குடல் சுவரில் முளைக்கிற சின்னச் சதை வளர்ச்சி) கண்டுபிடித்தார்கள், அவசரமாக இழுத்தவர்கள் 11.8 சதவீதத்தில்தான். அதே குழாய், அதே குடல், பார்க்கிற ஆளின் நிதானத்தில் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். 2010இல் போலந்திலிருந்து வந்த இன்னொரு ஆய்வு, குறைவாகக் கண்டுபிடிக்கிற மருத்துவரிடம் பார்த்துக்கொண்டவர்களுக்குப் பின்னால் புற்றுநோய் வருகிற ஆபத்து அதிகம் என்றும் காட்டிவிட்டது. நார்டிக் ஆய்விலும் சில மருத்துவர்களின் கண்டுபிடிக்கும் விகிதம் தேவையான அளவுக்குக் கீழே இருந்தது என்று விமர்சனம் உண்டு. ஊரில் எந்த ஆஸ்பத்திரியில் பில் கம்மி என்று விசாரிக்கிறோம், யார் நிதானமாகப் பார்ப்பார் என்று விசாரிப்பதில்லை.

வலி பற்றியும் ஒரு ரசமான ஆய்வு இருக்கிறது. கனடாவின் டொரோன்டோவில் ரெடல்மையர் என்ற மருத்துவரும், பிற்பாடு பொருளாதார நோபல் வாங்கிய உளவியலாளர் டேனியல் கானமனும் சேர்ந்து செய்தது. சோதனை நடக்கும்போதே நிமிஷத்துக்கு ஒரு தடவை வலி எவ்வளவு என்று கேட்டுக் குறித்தார்கள். சோதனை எவ்வளவு நேரம் நடந்தது என்பது பின்னால் நோயாளிக்கு ஞாபகத்தில் பெரிதாக நிற்கவில்லை. உச்சத்தில் எவ்வளவு வலித்தது, முடிகிற நேரத்தில் எவ்வளவு வலித்தது, இந்த இரண்டும்தான் நின்றது. அப்புறம் 2003இல், 682 பேரைக் குலுக்கல் போட்டுப் பிரித்து, பாதிப் பேருக்கு எல்லாம் முடிந்த பிறகும் குழாயின் நுனியை அசைக்காமல் மூன்று நிமிஷம் வரை அப்படியே விட்டுவைத்தார்கள். மொத்தத்தில் அவர்கள் அனுபவித்த தொந்தரவு கூடுதல், ஆனால் கடைசி நிமிஷங்கள் மிதமாக இருந்ததால் ‘அவ்வளவு மோசமில்லை’ என்றுதான் அவர்கள் சொன்னார்கள், பிற்பாடு மறுபடி சோதனைக்கு வருவதும் அவர்களிடம் கொஞ்சம் அதிகமாக இருந்தது. இங்கேயும் கடைசியில் வந்து நிற்கிற கேள்வி அதேதான்: ஆள் திரும்ப வருவாரா?

ஸ்பெயின்காரர்கள் இந்தக் கேள்வியை நேராகவே பிடித்தார்கள். ஒரு பக்கத்தை ஒரு தடவை கொலோனோஸ்கோபிக்கு அழைத்தார்கள், இன்னொரு பக்கத்துக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் டப்பா. வீட்டிலேயே ஒரு குச்சியால் துளி எடுத்து மூடிக் கொடுத்துவிட வேண்டியதுதான், பவுடரும் இல்லை பச்சை கவுனும் இல்லை. 57,404 பேர். முடிவு 2025இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கொலோனோஸ்கோபிக்கு வந்தவர்கள் 31.8 சதவீதம், டப்பா பக்கத்தில் 39.9. பத்து வருஷத்தில் பெருங்குடல் புற்றுநோயால் சாவு 0.22க்கு 0.24 சதவீதம், கிட்டத்தட்ட ஒன்றுதான். குழாய் அளவுக்குத் துல்லியம் இல்லாத ஒரு சாதாரண டப்பா, ஆள் அதிகம் வருகிற நிலையில் சரிக்குச் சரி நிற்கிறது. எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் நம் கவனத்துக்கு வந்திருக்க வேண்டிய செய்தி இதுதான், இதை யாரும் பார்வர்டு செய்யவில்லை.

இந்தியாவில் அரசு ஊரெங்கும் நடத்துகிற புற்றுநோய் முன்சோதனை வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றுக்கும்தான். பெருங்குடல் புற்றுநோய் மேற்கு நாடுகளைவிட இங்கே குறைவு என்பதால் அது நியாயமான தேர்வு என்றே நினைக்கிறேன். ஆகவே தொந்தரவு எதுவும் இல்லாத, குடும்பத்தில் யாருக்கும் இல்லாத ஒருவரை மாஸ்டர் செக்கப் பேக்கேஜில் சேர்த்துக் குழாய் விடச் சொல்ல நார்டிக் ஆய்வைக் காட்ட முடியாது. ரத்தம் போகிறவரை வீட்டில் உட்கார வைக்கவும் அதைக் காட்ட முடியாது.

என் கதை: ரத்தத்துக்குக் காரணம் மூலம்தான். சித்தப்பா அடைந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. தேடும்போது பயறு அளவில் ஒரு பாலிப்பும் கிடைத்தது, கம்பிவளையம் போட்டு எடுத்துவிட்டார்கள், பயாப்ஸியில் புற்று இல்லை, பிற்பாடு புற்றாக மாறக்கூடிய வகை என்று வந்தது. ‘பார்த்தீர்களா, உயிர் பிழைத்தேன்’ என்று நான் சொல்லிக்கொள்ள முடியுமா? முடியாது. அந்த வகைப் பாலிப்பில் பெரும்பாலானவை கடைசிவரை ஒன்றும் செய்யாமல் அப்படியே இருந்துவிடுகிறவை. என்னுடையது எந்த வகையில் போயிருக்கும் என்று எனக்கோ டாக்டருக்கோ யாருக்குமோ தெரிய வழியில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் எண்பதாயிரம் பேரைப் பத்து வருஷம் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினர் 50,000 பேரை வைத்து, கொலோனோஸ்கோபியா டப்பாவா என்று இன்னொரு பெரிய ஆய்வு 2012இல் இருந்து நடக்கிறது. முடிவு இனிமேல்தான். வந்ததும் சித்தப்பா எப்படியும் அனுப்புவார்.