ஜாஸ் ஃப்யூஷன்: கேட்கப் பழகிய ஆறு வாரம்

கர்நாடகக் கச்சேரி கேட்டு வளர்ந்த காது என்னுடையது. லண்டனுக்கு வந்து நாலு வருஷமாகியும் ஜாஸ் பக்கம் போனதில்லை. இந்தப் பிப்ரவரியில், ஜாஸோடு ராக் கலந்த ஜாஸ் ஃப்யூஷன் எங்கே தொடங்கியது என்று ஒழுங்காகக் கேட்டுப் பார்க்க ஒரு நோட்டு போட்டேன்.

முதல் வாரமே டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'பிட்சஸ் ப்ரூ' ஆல்பம். 1969 ஆகஸ்டில் மூன்று நாளில் பதிவானது. தாளத்தின் எடுப்பு எங்கே என்றே பிடிபடவில்லை. பாதியில் நிறுத்திவிட்டேன்.

சரி, ஆறு மாதம் பின்னால் போவோம் என்று அவருடைய 'இன் எ சைலண்ட் வே'யை எடுத்தேன். 1969 பிப்ரவரி 18 அன்று நியூயார்க்கில் ஒரே நாளில் பதிவு செய்தது. ஹெர்பி ஹான்காக், சிக் கொரியா, ஜோ ஸாவினுல் என்று மூன்று பேர் எலக்ட்ரிக் பியானோவிலும் ஆர்கனிலும். டிரம்ஸில் 23 வயது டோனி வில்லியம்ஸ். முதல் பக்கம் முழுக்க அவர் ஹை-ஹாட்டை (டிரம்ஸில் இருக்கும் ஜோடித் தட்டுகள்) சீராகத் தட்டிக்கொண்டே இருக்கிறார், ராக் டிரம்மர் போல. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைந்தேன்.

நாலாவது வாரம் ஒன்று கவனித்தேன். அந்த முதல் பக்கத்தின் தொடக்கத்து ஆறு நிமிடம் அதன் கடைசியில் மறுபடி வருகிறது. பல்லவிக்குத் திரும்பி வாசிக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டால், மூச்சுவிடும் இடம்கூட மாறவில்லை. தயாரிப்பாளர் டியோ மசெரோ டேப்பை வெட்டி ஒட்டியிருக்கிறார். ஃப்யூஷன் பிறந்ததில் கத்தரிக்கோலுக்கும் பங்கு உண்டு. ஆனால் வெட்டுவதற்கு முன் அந்த அறையில் என்ன நடந்திருக்கும்? அது நேரில் கேட்டால்தான் தெரியும் என்று தோன்றியது.

ஐந்தாவது வாரம் சோஹோவில் ஃப்ரித் தெரு, ரோனி ஸ்காட்ஸ் ஜாஸ் கிளப். 1968-ல் மைல்ஸ் இந்த கிளப்புக்கு வந்தபோதுதான் டேவ் ஹாலண்டின் பேஸ் (தாழ்ந்த சுரங்கள் வாசிக்கும் தந்தி வாத்தியம்) வாசிப்பைக் கேட்டு நியூயார்க்குக்கு அழைத்தார். கிட்டாரிஸ்ட் ஜான் மெக்லாஃப்லினும் லண்டனிலிருந்து போனவர்தான். போய்ச் சேர்ந்த சில நாளிலேயே அந்தப் பிப்ரவரிப் பதிவில் உட்கார்ந்துவிட்டார்.

டிரம்ஸுக்குப் பக்கத்து மேசை கிடைத்தது. அன்று ஒரு நால்வர் குழு. சாக்ஸபோன்காரர் நாலு பார் (தாளச் சுற்று) வாசிக்க, டிரம்மர் நாலு பார் பதில் சொன்னார். அப்புறம் இரண்டு இரண்டாக. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறி, அளவைச் சுருக்கிக்கொண்டே குறைப்பு வாசிப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த நிமிடம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. என்னையறியாமல் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். பேஸ்காரர் கண்ணை டிரம்மர் கையிலிருந்து எடுக்கவே இல்லை. இசைத்தட்டில் எனக்குக் கேட்காமல் போனது அந்தப் பார்வைதான். மெக்லாஃப்லின் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றதும், பிறகு 'சக்தி' குழுவில் விக்கு விநாயக்ராமின் கடத்தோடு உட்கார்ந்ததும் அன்றிரவு ரயிலில் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

ஆறாவது வாரம் மறுபடி 'பிட்சஸ் ப்ரூ', ஹெட்ஃபோனில். தலைப்புப் பாடலில் இடது காதில் லென்னி வைட், வலது காதில் ஜாக் டிஜானெட். இரண்டு டிரம்ஸ் என்பதையே முதல் தடவை நான் பிரித்துக் கேட்கவில்லை. ஹாலண்டின் பேஸைப் பிடித்துக்கொண்டு 27 நிமிடமும் கேட்டு முடித்தேன்.

நோட்டில் அடுத்த வரி: டோனி வில்லியம்ஸின் 'எமர்ஜென்சி', அதே 1969. டிரம்ஸ், மெக்லாஃப்லின் கிட்டார், லாரி யங் ஆர்கன். மூன்றே பேர்.