படம் நிக்குது தம்பி

கடைக்கு ஒரு மிசின் வந்தால் நான் உடனே கழற்றமாட்டேன். ஸ்ராட் பண்ணச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் குந்தியிருந்து கேட்பேன். வால்வு தட்டுகிறதா, பேரிங் போய்விட்டதா, எங்காவது காற்று இழுக்கிறதா, எல்லாம் சத்தத்திலேயே தெரிந்துவிடும். இலங்கையின் வடக்கில் விசுவமடுவில், பரந்தன் – முல்லைத்தீவு வீதிக்கரையில், போர் முடிந்து 2011இல் திரும்பி வந்து கடை போட்ட நாளிலிருந்து தண்ணீர் இறைக்கிற மிசின் திருத்துவதுதான் பிழைப்பு. காதால் சீவிக்கிற ஒருவனிடம் போய் வீடியோ எடு என்றால் எப்படியிருக்கும்?

மிசின் சரியாகும்வரை காத்திருக்கிறவர்கள் சும்மா இருப்பதில்லை. போர்க்காலத்தில் எங்கள் பக்கத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது நாலு சொட்டுப் பெற்றோலைக் காட்டி ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய கதை. வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வண்டில் கட்டிப் போன கதை. பாலைப்பழம் பொறுக்கப் போன இடத்தில், அதே மரத்துக்குப் பழம் தின்ன வந்த கரடியோடு முகத்துக்கு முகம் நின்ற கதை. இரண்டு வருடத்துக்கு முன்பு, கேட்கிற நான் மட்டும் சிரித்துவிட்டு விடுவது பாவம் என்று பட்டது. போனை மேசையில் வைத்துப் பதியத் தொடங்கினேன். அதுதான் பொட்காஸ்ட், அதாவது நெற்றில் கேட்கிற குரல் நிகழ்ச்சி, ஆனது. இதுவரை 46 பகுதி.

குரல் மட்டும் போதும் என்ற எண்ணம் எனக்குச் சின்ன வயதிலேயே ஊறியது. கரண்டும் இல்லை, பற்றரியும் தடை என்றிருந்த காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில்தான் றேடியோ கேட்டோம். சுற்றுகிற வேலை எனக்கு. கை ஓய்ந்தால் செய்தி வாசிக்கிறவரின் குரலும் அமுங்கிப் போகும், சுற்றியிருக்கிற பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து என் மேல் பாய்வார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவரும் வாசிக்கிறவரின் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று கேட்டதில்லை.

இப்போது கேட்கிறார்கள். முதலில் கேட்டவள் ரொறன்ரோவில் இருக்கிற மருமகள். "மாமா, யூடியூப்பில போடுங்கோ. அம்மம்மாவுக்கு அப் எல்லாம் இறக்கத் தெரியாது. யூடியூப் எண்டா தானே அமத்துவா." யோசித்துப் பார்த்தால் ஊரிலும் அதே நிலைமைதான். இங்கே யாருடைய போனிலும் பொட்காஸ்ட் அப் இல்லை. நான் வட்ஸ்அப்பில் அனுப்புகிற எம்பி3யைத்தான் ஒருவர் மற்றவருக்குத் தள்ளிவிடுகிறார். யூடியூப் அப்படியில்லை. அதற்கென்றே மலிவாக டேட்டா பக்கேஜ் விற்கிறார்கள். வயலுக்குப் போகிறவர்கூட வரம்பில் போனைச் சாய்த்துவைத்துப் பாட்டு ஓடவிடுகிறார். சனம் இருக்கிற இடத்துக்கு நாம் போகத்தான் வேண்டும். சரி, போவோம்.

முதலில் சோம்பேறி வழி. பொட்காஸ்ட்டின் ஆர்எஸ்எஸ் இணைப்பை (பகுதிகளின் பட்டியல் இருக்கிற நெற் முகவரி) கொடுத்தால் யூடியூப் தானே ஒவ்வொரு பகுதியையும் எடுத்து, அட்டைப் படத்தை ஒட்டி வீடியோ ஆக்கிவிடும் என்று வாசித்திருந்தேன். ஆனால் என் அட்டைப் படம் சதுரம், யூடியூப்பின் திரையோ அகலம் 16க்கு உயரம் 9. இரண்டு பக்கமும் வெறுமையாகக் கிடக்கும் என்று நானே அகலமான படம் செய்து, ஒலியை அதில் ஏற்றிப் போட்டேன். (15 நிமிடத்துக்கு மேல் போடவேண்டுமானால் முதலில் போன் இலக்கத்தை உறுதிப்படுத்தவேண்டும். இது தெரியாமல் ஒரு பின்னேரம் வீணாகப் போனது.) அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு உடையார்கட்டிலிருந்து ஒரு ஐயா அழைத்தார்.

"தம்பி, படம் நிக்குது. கதை மட்டும் ஓடுது. உங்கட பக்கம் நெற் சரியில்லைப் போல."

அதன் பிறகு குரலுக்கு ஏற்ப ஆடுகிற கோடு ஒன்றைப் படத்தில் சேர்த்தேன். அதே ஐயா: "இப்ப ஆஸ்பத்திரி மிசின் மாதிரி ஓடுது. ஆருக்கு வருத்தம்?"

யூடியூப் ஸ்ரூடியோவில் (சனல்காரர் கணக்குப் பார்க்கிற பக்கம்), எத்தனையாவது நிமிடத்தில் எத்தனை பேர் கழன்றுபோனார்கள் என்று ஒரு கோடு காட்டும். என் கோடு கிணற்றில் விட்ட வாளி மாதிரி இறங்கியது. 38 நிமிடப் பகுதியைச் சராசரியாக இரண்டு நிமிடம் பார்த்திருக்கிறார்கள். அதே பகுதியை அப்பில் கேட்டவர்களில் பெரும்பாலானவர்கள் கடைசிவரை இருந்தவர்கள்.

அப்போ கமெராதான். போனை முக்காலியில் பூட்டி, கரடிக் கதை சொன்னவரையே மறுபடி கூப்பிட்டேன். முகச்சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி பூசிக்கொண்டு வந்தார். சிவப்புப் புள்ளி எரிந்ததுதான் தாமதம், முதுகை நிமிர்த்திக்கொண்டு, "வணக்கம். கரடியானது பொதுவாக மனிதரைக் கண்டால் தாக்கும் இயல்புடையது" என்றார். மைக்குக்கு முன்னால், "கரடி என்னைப் பாத்துது, நான் கரடியைப் பாத்தன், ரெண்டு பேருக்கும் மூத்திரம் போட்டுது" என்று சொன்ன அதே மனிசன்! இருபது நிமிடம் பாடப்புத்தகம்தான் ஓடியது. அதை நான் போடவே இல்லை.

வழி பிறந்தது தற்செயலாக. இன்னொரு நாள் ஒருவரோடு பதிவு நடக்கும்போது அவசர வேலை வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒரு கார்புரேற்றரைக் கழற்றத் தொடங்கினேன். இரண்டு நிமிடம் பார்த்தவர், "அப்பிடியில்லை, இஞ்ச தா" என்று வாங்கி, தானே ஜெற்றை ஊதிக்கொண்டு கதைக்க ஆரம்பித்தார். கமெராவை மறந்துபோனார். கதை வாய்க்காலில் தண்ணீர் மாதிரி ஓடியது. அன்றிலிருந்து கமெரா மேசையைத்தான் பார்க்கிறது. வருகிறவர் எதையாவது கழற்றுவார், பூட்டுவார், இல்லையென்றால் சும்மா துடைப்பார். முகம் படத்தில் இல்லை.

முகம் இல்லாததில் எனக்கு இன்னொரு நிம்மதியும் உண்டு. கமெரா வருவதற்கு முந்திய பகுதிகளுக்கெல்லாம் நான் அனுமதி கேட்டது குரலுக்கு மட்டும். "குரல்தானே, போகட்டும்" என்றுதான் பலர் கதைத்தார்கள். ஒரு அம்மா, யூடியூப்புக்கும் குரல் போகலாம், தன் படம் எதிலும் வரக்கூடாது என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அதைக் கேட்கக்கூடாது. இரண்டு பேர் இப்போது இல்லை. அவர்களின் பிள்ளைகளிடம் கேட்டுத்தான் போட்டேன். பழையவை எல்லாம் நிற்கிற படத்தோடுதான் கிடக்கின்றன. கிடக்கட்டும்.

தொழில்நுட்பப் பக்கம் கேட்டு எழுதியவர்களுக்காகக் கொஞ்சம். ஒலியைத் தனி மைக்கில்தான் எடுக்கிறேன். படத்தோடு பொருத்துவதற்குத் தொடக்கத்தில் ஸ்பானரால் மேசையில் ஒரு தட்டு. படத்தில் ஸ்பானர் படுகிற இடமும் ஒலியில் "டங்" என்கிற இடமும் சேர்ந்தால் சரி. ஆனால் அரைமணி நேரம் போனதும் இரண்டும் விலகத் தொடங்கியது. மூன்று இரவு மண்டையைப் போட்டு உடைத்தேன். போன் கமெரா செக்கனுக்கு 30 படம் என்று சொல்லிக்கொண்டே வெளிச்சத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்து எடுக்கிறது. மிசினின் ஆர்பிஎம் (சுற்றுகிற வேகம்) ஏறி இறங்குவது போலத்தான். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு வேகத்தை நிலையாக்கிய பிறகுதான் சரிவந்தது. அளவும் ஒரு தலையிடி. ஒலியாக 35 எம்பி வருகிற பகுதி, வீடியோவாக 1080 தெளிவில் எடுத்தால் ஐந்து ஜிபிக்குக் கிட்ட வருகிறது. 720இல் எடுத்து, நடுச்சாமத்துக்குப் பிறகு இரவு டேட்டாவில் ஏற்றிவிட்டுப் படுக்கிறேன். விடிய எழும்பிப் பார்த்தால் சிலவேளை 60 வீதத்தில் நிற்கும்.

கோயில் லவுட்ஸ்பீக்கரைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். பின்னால் பக்திப்பாட்டு மெல்லக் கேட்ட ஒரு பகுதிக்குப் பதிப்புரிமைக் கோரல் வந்தது. தண்டனை ஒன்றுமில்லை, அந்தப் பகுதிக்கு விளம்பரக் காசு வந்தால் பாட்டின் உரிமைக்காரருக்குப் போகும் என்று அர்த்தம். காசு எங்கே வரப்போகிறது? அதற்கு 1000 சப்ஸ்கிரைபரும் ஒரு வருடத்துக்குள் 4000 மணிநேரப் பார்வையும் வேண்டும். என்னிடம் இருப்பது 612 பேர். அதில் ஐந்து பேர் என் வீட்டுக்காரர்.

"கரடி எத்தினையாவது நிமிசம்?" என்று போன் எடுக்கிறவர்களுக்காக விளக்கப் பகுதியில் நேரங்களை எழுதத் தொடங்கினேன். முதல் நேரம் 0:00 ஆக இருக்கவேண்டும், குறைந்தது மூன்று வேண்டும். அப்போதுதான் யூடியூப் அதை அத்தியாயங்களாகப் பிரித்துக் காட்டும். உருப்படியாகச் செய்தது அது ஒன்று.

போன மாதம் ஒருவர் வந்தார். பழைய கமக்காரர், மிளகாய், வெங்காயம் என்று இந்த மண்ணில் முப்பது வருடம் பாடுபட்டவர். "முகம் வரக்கூடாது தம்பி. மகள் லண்டனில. நான் மெலிஞ்சு போனதைக் கண்டாளெண்டா அழுவாள், ரிக்கற் போட்டுக்கொண்டு வந்து நிப்பாள்" என்றார். முகம் வராது, மேசை மட்டும்தான் என்று காட்டினேன். திருப்தியாகி, பம்பின் மூடியைக் கழற்றிக்கொண்டே ஒரு மணிநேரம் கதைத்தார்.

போட்ட அன்றிரவே மகள் அவருக்கு அழைத்திருக்கிறாள். அடுத்த நாள் விடிய, நான் கடை திறக்க முதலே வாசலில் நின்றார்.

"உன்ர கமெரா பொல்லாத கமெராடா தம்பி. ‘அப்பா, நான் வாங்கித் தந்த மணிக்கூடு ஏன் முழங்கைக்கு ஏறி இறங்குது’ எண்டு கேக்கிறாள்."

அந்தப் பகுதியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அவள் பார்த்தது பார்த்ததுதானே என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கதையில் பாதிதான் சொன்னது, மிச்சம் இருக்கிறது என்றார்.

நேற்று வந்தார். முக்காலியை நான் சரிசெய்து முடிப்பதற்குள் மணிக்கூட்டைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, நீட்டுக்கை சட்டையின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, "ம், தட்டு ஸ்பானரை" என்றார்.