சோஹ்னியின் செனாப் கரையில் வெயிட்டிங் சார்ஜ்

முதலில் அந்த டாக்சிக்காரர் கதையைக் கொட்டிவிடுகிறேன், அப்போதுதான் மனசு ஆறும். ஜம்முவிலிருந்து அக்னூர் சுமார் 30 கிலோமீட்டர். போக வர 1,800 ரூபாய் என்று பேசித்தான் ஏறினோம். திரும்பி வந்து இறங்கும்போது 'வெயிட்டிங்' என்று இன்னொரு 600 கேட்கிறார்! ஏறும்போது அந்தப் பேச்சே இல்லை. நடுத்தெருவில் நின்று கத்தியும் 400-க்குக் கீழே இறங்கவில்லை. அன்றைய சாப்பாட்டுக் காசு அதிலேயே போயிற்று.

சரி, அக்னூரில் என்ன இருக்கிறது? செனாப் இருக்கிறது. பஞ்சாபிக் காதல் கதைப் பாடல்களான கிஸ்ஸாக்களின் ஆறு அது. ஹீரும் ராஞ்சாவும் சந்திப்பது செனாப் கரையில். சோஹ்னி செத்துப்போவது அதே செனாபில். அவள் குயவர் வீட்டுப் பெண். ஊர் குஜராத், நம்ம மாநிலம் இல்லை, இன்றைய பாகிஸ்தான் பஞ்சாபில் உள்ள ஊர். புகாராவிலிருந்து வந்த வியாபாரி இஸ்ஸத் பேக் அவளுக்காக எருமை மேய்க்கிறான், மஹிவால், அதாவது எருமை மேய்ப்பவன், ஆகிறான். அவளை வேறொருவனுக்குக் கட்டிவைத்த பிறகும் இரவில் சுட்ட குடத்தைப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடக்கிறாள். நாத்தனார் சுடாத குடத்தை மாற்றி வைத்துவிடுகிறாள். அவ்வளவுதான்.

படிக்கும்போது இதெல்லாம் கொஞ்சம் ஓவர் என்றுதான் நினைத்திருந்தேன். படித்துறையில் இறங்கிக் கால் வைத்தேன். கோடைகாலத்திலும் பனி உருகிய தண்ணீர், எலும்பு வரை குத்தியது. சாம்பல் நிறம், அடி தெரியவில்லை. சற்று மேலே யாரோ போட்ட சாமந்தி மாலை கண்ணெதிரே வந்து, திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விட்டது. இதில் பானையைப் பிடித்துக்கொண்டு ராத்திரியில் நீந்துவதா? சோஹ்னிமேல் மரியாதை கூடிவிட்டது.

டீக்கடைப் பெரியவரிடம் அரைகுறை இந்தியில் சோஹ்னி பேச்சை எடுத்ததுதான் தாமதம், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, காதில் கை வைத்து, கண்ணை மூடிப் பாட ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொரு அடியின் கடைசி எழுத்தையும் மூச்சு தீரும்வரை இழுக்கிறார். டீ வாங்க வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். எல்லோருக்கும் முடிவு தெரியும். ஆனாலும் நிற்கிறார்கள்! கிஸ்ஸாவின் சூட்சுமமே அதுதான். கதை ஊருக்குச் சொந்தம், சொல்கிற விதம் கவிஞனுக்கு. ஹீர் கதையை அக்பர் காலத்தில் தாமோதர் பாடினார், காதலர்களைச் சேர்த்தும் வைத்தார். 1766-இல் அதையே பாடிய வாரிஸ் ஷா ஹீருக்கு விஷம் கொடுத்துக் கொன்றார். பஞ்சாப் நெஞ்சில் வைத்துக்கொண்டது வாரிஸ் ஷாவைத்தான். சுகமான முடிவு கொடுத்த தாமோதர் பாவம்.

பெரியவர் குடம் கரைகிற கட்டத்துக்கு வரும்போது நம்ம டாக்சிக்காரர் ஹாரன் அடிக்கிறார். ஒருமுறை இல்லை, விடாமல். அந்த 400 ரூபாய் இதற்குத்தான்.

வாரிஸ் ஷா சமாதி லாகூருக்கு அப்பால் ஜண்டியாலா ஷேர் கானில் இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு நான் அங்கே எங்கே போவது! சஸ்ஸி என்கிற இன்னொரு காதல் கதையைப் பாடிய ஹாஷிம் ஷாவின் ஊரான ஜக்தேவ் கலான் அமிர்தசரஸ் மாவட்டம்தான். அடுத்த முறை அங்கே.

அப்புறம், ஜம்முவில் கலாடி குல்ச்சா சாப்பிடாமல் வராதீர்கள். கலாடி என்கிற பாலாடைக்கட்டியைக் கல்லில் போட்டு, அது தன் கொழுப்பிலேயே பொரிந்து ஓரம் முறுகியதும் குல்ச்சா ரொட்டிக்குள் வைத்துச் சட்னியோடு தருகிறார்கள். இரண்டு சாப்பிட்டால் மதியச் சாப்பாடு தேவையில்லை. அக்னூருக்கு பஸ்ஸிலேயே போங்கள். பெரியவர் முழுதாகப் பாடி முடிக்கட்டும்.