பிளேட்டில் பொறித்திருந்த 3.5

மைக்ரோமீட்டர் 3.46 காட்டியது. சக்கரத்தைச் சற்றுத் திருப்பி இன்னோர் இடத்தில் வைத்தேன்: 3.44. மூன்றாவது இடத்தில் 3.47. பைக்கின் முன்சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தகடான டிஸ்க் பிளேட்டின் மேலேயே குறைந்தபட்சத் தடிமன் 3.5 மில்லிமீட்டர் என்று பொறித்திருந்தது. இதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை என்றுதான் அன்றைக்குத் தோன்றியது.

வண்டிக்காரர் கோத்தகிரியில் குடியிருப்பவர். தினமும் காலையில் வர்க்கிப் பொட்டலங்களைக் கட்டிக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்குவார். கடைகளுக்குப் போட்டுவிட்டு மாலையில் ஏறுவார். முன் பிரேக் பிடித்தால் சத்தம் வருகிறது, பேடை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்று வந்திருந்தார். பிளேட்டை இருபுறமும் நெருக்கிப் பிடிக்கும் அந்த பேடில் உராயும் பகுதி ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் மிஞ்சியிருந்தது.

முன் பிரேக்கைத் தொட்டால் குப்புற விழுந்துவிடுவோம் என்று பயந்து, பின் பிரேக்கை மட்டுமே மிதித்து மலை இறங்குகிறவர்கள் இன்றும் நிறையப் பேர் இருக்கிறார்கள். இவர் அப்படியில்லை. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்சக்கரத்துக்குத்தான் வருகிறது என்று தெரிந்து, முன் பிரேக்கை முறையாகப் பயன்படுத்துகிறவர். அதனால்தான் பிளேட் இந்த அளவுக்குத் தேய்ந்திருந்தது. ஒழுங்காக ஓட்டுகிறவருக்குத்தான் செலவு முதலில் வருகிறது என்பது இந்தத் தொழிலில் எனக்கு எப்போதும் கொஞ்சம் உறுத்தல்.

"வேறொரு கடையில் அளந்து பார்த்து நான்கு மில்லி இருக்கிறது, புது பிளேட் கணக்கு என்றார்களே தம்பி" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. வெர்னியர் என்ற அளவுகோலை வெளியிலிருந்து மாட்டி அளந்தால் அதன் வாய் பிளேட்டின் வெளி விளிம்பில் போய் உட்காரும். பேட் அந்த விளிம்புவரை எட்டாது. அங்கே தேயாத வரம்பு ஒன்று எழும்பி நிற்கும். வெர்னியர் அந்த வரம்பை அளந்து நான்கு என்று சொல்லும். பேட் உண்மையில் உராயும் பாதையில் மைக்ரோமீட்டரை வைத்தால்தான் சரியான கணக்கு கிடைக்கும், அதுவும் பல இடங்களில். அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து, நகத்தைப் பிளேட்டின் உள்ளிருந்து வெளியே இழுத்துக் காட்டினேன். விளிம்புக்கு வந்ததும் நகம் தட்டி நின்றது. அவரே திரும்ப ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

லேத்தில் கொடுத்துக் கடைசல் பிடித்தால் ஆகாதா என்று கேட்டார். புதிதாக வரும்போதே நான்கு, தூக்கிப்போட வேண்டியது மூன்றரை. நடுவில் இருக்கும் அரை மில்லிமீட்டர்தான் பிளேட்டின் ஆயுள் முழுவதும். அதுவே தீர்ந்துபோன பிறகு சீவுவதற்கு என்ன இருக்கிறது? டயல் கேஜ் வைத்து, பிளேட் சுற்றும்போது எவ்வளவு ஆடுகிறது என்ற கோட்டமும் பார்த்தேன், அனுமதித்த 0.3 மில்லிமீட்டருக்குள்தான் இருந்தது. ஆக, தடிமனைத் தவிர வேறு குறை இல்லை.

பிளேட் மாற்றப் பணம் இல்லை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். பிளேட் அளவுக்குக் கீழே போயிருந்தால் புது பேட் மாட்டக்கூடாது என்பது எங்கள் பணிமனை விதி. அதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நீங்களாக இருந்தால் இந்த வண்டியில் மலை இறங்குவீர்களா?" என்று கேட்டார்.

"இறங்கமாட்டேன் அண்ணா."

"அப்படியென்றால் என்னை மட்டும் எப்படி இறங்கவிடுகிறீர்கள்?"

பழைய பேடையே மாட்டி, ஜாப் கார்டில் 'டிஸ்க் தடிமன் வரம்புக்குக் கீழ், மாற்ற அறிவுறுத்தப்பட்டது, வாடிக்கையாளர் சம்மதிக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் போட்டார். வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. கூட வேலை பார்க்கும் பையன்தான் அன்று மாலை எடுத்துச் சொன்னான். "அண்ணே, பேடையாவது புதிதாக மாட்டி அனுப்பியிருக்கலாம். தேய்ந்த பிளேட்டோடு தேய்ந்த பேடும் சேர்ந்தால் பேடைத் தள்ளும் பிஸ்டன் இன்னும் வெளியே வந்து நிற்குமே. புது பேட் என்றால் பிஸ்டன் உள்ளே போயிருக்கும். நாம் அவரை வந்தபடியே திருப்பி அனுப்பிவிட்டோம்."

அவன் சொன்னதில் தப்பில்லை. மிஞ்சிய ஒரு மில்லிமீட்டரும் தேய்ந்தால் பேடின் பின்தகடே பிளேட்டை உரசும். 3.46 ஆகிவிட்டது என்பதற்காகப் பிளேட் நாளைக் காலையே உடைந்துவிடாது. புது பேட் போட்டிருந்தால் அந்த வண்டி வந்த நிலையைவிட நல்ல நிலையில் போயிருக்கும். விதியைக் காப்பாற்றி, வண்டியை மோசமான நிலையிலேயே அனுப்பினேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் அது முழுக் கணக்கு இல்லை. புது பேட் போட்டால் சத்தம் நின்றுவிடும். சத்தம் நின்றால் அவர் அடுத்த மாதம் வரமாட்டார். அந்த பேட் தேயும்வரை வரமாட்டார். அதற்குள் பிளேட் எங்கே போய் நிற்கும்? மேலும், பள்ளம் விழுந்த பிளேட்டில் புது பேட் முதலில் மேடுகளில் மட்டும்தான் படும். ஒட்டிப் படியும்வரை பிடிப்பு குறைவாக இருக்கும். மாலையில் ஏற்றம், அங்கே பிரேக்குக்கு அவ்வளவு வேலையில்லை. மறுநாள் காலையில் நேராக இறக்கம்.

இறக்கம் என்றால் சூடு. பிளேட் மெலிந்தால் அது தாங்கும் சூடும் குறையும். மிச்சச் சூடு, பேடும் பிஸ்டனும் இருக்கும் காலிப்பர் வழியாக பிரேக் ஆயிலுக்குப் போகும். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் இழுத்த பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 3 என்றால் 205, 140. ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் லீவர் கைப்பிடி வரைக்கும் வந்துவிடும், வண்டி நிற்காது. அவருடைய ஆயில் கறுத்துப்போயிருந்தது. அதை மாற்றச் சொன்னேனா? சொன்னேன். அதையும் அடுத்த மாதம் என்றார். பேடுக்கு விதி இருந்தது போல ஆயிலுக்கு ஒரு விதி இருந்திருந்தால் அதையும் காட்டியிருப்பேனோ என்னவோ.

வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ள எனக்கு அதிகாரம் கிடையாது. இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொள்கிறேன், அது உண்மையும்கூட. ஆனால் கையெழுத்து வாங்கும் அதிகாரம் இருந்தது. நாளைக்கு ஏதாவது நடந்தால் அந்தக் காகிதம் பணிமனையைக் காப்பாற்றும், என்னையும் காப்பாற்றும். அவருக்கு அதனால் என்ன பயன் என்று தேடிப் பார்க்கிறேன். எச்சரிக்கையை எழுத்தில் படித்தால் மனம் மாறும் என்று ஒரு நியாயம் சொல்லலாம். அதற்காகத்தான் வாங்கினேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதற்காக இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

அவர் மறுபடி எங்களிடம் வரவில்லை. வேறு கடையில் பிளேட்டையே மாற்றியிருக்கலாம். நான் காட்டிய நகச் சோதனை அந்த அளவுக்காவது வேலை செய்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். அல்லது வேறு யாராவது வெர்னியரை வைத்து நான்கு என்று சொல்லி பேட் மாட்டியிருக்கலாம்.

போன வாரம் ஒரு கல்லூரிப் பையனின் வண்டி வந்தது. பிளேட் 3.48. கையில் பணம் இல்லை, அப்பாவிடம் கேட்க வேண்டும் என்றான். பேட் மாட்டி, ஆயில் மாற்றி, அடுத்த சர்வீஸில் பிளேட் கட்டாயம் என்று எழுதி அனுப்பினேன். விதி அப்படியேதான் இருக்கிறது. கூட இருக்கும் பையன் என்னைப் பார்த்தான். "இவன் காரமடைக்குள்ளேயே ஓட்டுகிறவன், மலை ஏறி இறங்குகிறவன் இல்லை" என்றேன். "வார விடுமுறையில் ஊட்டிக்குப் போகமாட்டான் என்று கேட்டீர்களா அண்ணே?" என்றான். கேட்கவில்லை.